ஊருக்கொரு திடல்

மன்றம் என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் வழங்கிய பொருள் வேறு. இன்று வழங்கும் பொருள் வேறு. சங்கச் சான்றோர் காட்டும் மன்றம் ஊரின் நடுவே அமைந்த வெட்டவெளியாகும். மரநிழல் படிந்த அவ்வெளியில் முதியோர் இருந்து பேசினர், இளையோர் ஆடினர், ஊரார் கூடி வழக்குரைத்தனர். காலப்போக்கில் இடத்தின் பெயர் அவ்விடத்தில் கூடிய அவைக்கு ஆகி வந்தது. இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதனை இடவாகுபெயர் என எளிதில் விளக்குவர். இன்று மாநகர் மன்றம், ஊராட்சி மன்றம் என வழங்கும்போது, அச்சொல்லின் அடியில் ஒரு திறந்த திடல் இருப்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் நிலத்திலும் நேர்வதுண்டு. மன்றம் இருக்கும், திடல் இராது. மலேசியாவில் பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் பொது மண்டபங்களும் எவ்வாறு தோன்றின, யாருடைய உரிமையில் நின்றன, எவ்வாறு காக்கப்பட்டன என்பதைச் சற்று ஆராய்ந்தால் ஓர் உண்மை புலப்படும். ஒரு நிலம் அழகாக இருப்பதாலோ மக்கள் நெடுங்காலம் அதனைப் பயன்படுத்தி வந்ததாலோ பொது நிலம் ஆகிவிடுவதில்லை. சட்டம் அதனைப் பொது நிலமென்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதியதைக் கேட்டு நிறுத்தும் மக்களும் இருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் திடல் நிலைப்பதில்லை.

சுரங்கக் குழிகளில் மலர்ந்த பூங்காக்கள்

மலாயாவின் தொடக்ககாலப் பொதுப் பூங்காக்கள் சில, தோண்டிச் சிதைக்கப்பட்ட நிலங்களில் தோன்றியவை. பேராக்கின் அன்றைய தலைநகரான தைப்பிங், ஈயத்தால் வளர்ந்த ஊர். ஈயம் எடுத்த பின் நீர் தேங்கிக் கிடந்த குழிகளைச் சீர்செய்து பொதுத் தோட்டம் ஆக்கும் எண்ணம் கர்னல் வாக்கர் என்பவருடையது. 1880ஆம் ஆண்டு அந்நிலம் அதற்கென ஒதுக்கப்பட்டது. பயனற்றதெனக் கைவிடப்பட்ட சுரங்க நிலம், இன்று அறுபது ஹெக்டேருக்கு மேற்பட்ட தைப்பிங் ஏரிப் பூங்காவாக விளங்குகிறது.

பினாங்குத் தாவரவியல் பூங்கா 1884இல் அமைந்தது. அதற்கு இடமாகியதும் பழைய கருங்கல் உடைப்புக் களமே. தமிழர் தண்ணீர்மலை என வழங்கும் மலையடிவாரத்தில், சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பாரின் மேற்பார்வையில் அப்பூங்கா வளர்ந்தது. அதன் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி மிகவும் கருதத்தக்கது. ஜார்ஜ் டவுன் நகருக்குக் குடிநீர் போதாமற் போகவே, 1910இல் அப்பூங்காவை நீர்த்தேக்கமாக மாற்றுவதற்கென நகராட்சியிடம் ஒப்படைத்தனர். கால் நூற்றாண்டு உழைப்பில் வளர்ந்த தோட்டம் நீரில் மூழ்க இருந்தது. அத்திட்டம் நிறைவேறாமையால் 1912இல் பூங்கா மீட்கப்பட்டது. நீர்த்தேக்கமும் பொதுநலமே, பூங்காவும் பொதுநலமே. ஒரு பொதுநலத்தை இன்னொரு பொதுநலத்தின் பெயரால் அழிக்கும் நிலை வரலாம் என்பதற்கு இந்நாட்டின் பழைய சான்றுகளுள் இஃது ஒன்று.

கோலாலம்பூரில் 1888ஆம் ஆண்டு, சிலாங்கூர் மாநிலப் பொருளாளராக இருந்த வென்னிங் என்பார், நகரை ஒட்டிய பள்ளத்தாக்கில் பொதுப் பூங்கா ஒன்று அமைக்க வேண்டுமென ஸ்வெட்டன்ஹாமிடம் பரிந்துரைத்தார். 173 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. 1889 மே மாதத்தில் ஆளுநர் சர் சிசில் கிளமெண்டி ஸ்மித் அதனைத் திறந்து வைத்தார். ஏரிப் பூங்கா எனவும் லேக் கார்டன் எனவும் தமிழரிடையே வழங்கிய அப்பூங்கா, 2011இல் பெர்டானா தாவரவியல் பூங்கா எனப் பெயர் பெற்றது.

இவ்வளவு பெரிய பூங்காவை அமைத்த காலத்தில் கோலாலம்பூருக்கு ஊராட்சி அமைப்பே கிடையாது. நகரின் துப்புரவு வாரியம் 1890இல்தான் நிறுவப்பட்டது. தெரு, வடிகால், விளக்கு, சந்தை, கழிவகற்றல் ஆகியனவே அதன் முதற்கடமைகள். ஆக, ஊராட்சி தோன்றுமுன்பே பூங்கா தோன்றிவிட்டது. அதிகாரிகள் விரும்பினர், ஆகவே பூங்கா உண்டாயிற்று. நகர மக்கள் கேட்டுப் பெற்றதன்று அது. சாலை போட்டும் வடிகால் வெட்டியும் இருப்புப்பாதை அமைத்தும் கழிவு சுமந்தும் இந்நாட்டு நகரங்களை உருவாக்கியவர்களுள் தமிழ்த் தொழிலாளர் பெருந்தொகையினர். நகரின் எந்த மூலை யாருக்கு எதற்காக ஒதுக்கப்பட வேண்டும் என்று அவர்களைக் கேட்டவர் எவருமிலர்.

அளந்து வகுத்த நகரம்

விருப்பத்தால் அமைந்த பூங்காவிலிருந்து திட்டத்தால் அமையும் பூங்காவுக்குச் செல்லும் வழியை வகுத்தவர் சார்ல்ஸ் காம்ப்டன் ரீட். நியூசிலாந்தில் பிறந்து, தெற்கு ஆஸ்திரேலியாவில் நகரத் திட்டப் பணியாற்றிய அவர், 1921இல் கூட்டரசு மலாய் மாநிலங்களின் நகரத் திட்ட அதிகாரியாக அமர்த்தப்பட்டார். தோட்ட நகரம் என்னும் கொள்கையில் ஆழ்ந்த பற்றுடையவர். வீடும் தெருவும் வகுக்கும்போதே திடலும் தோப்பும் வகுக்கப்பட வேண்டும், எஞ்சிய இடத்தில் பூங்கா வைப்பது முறையன்று என்பது அக்கொள்கையின் சாரம்.

அவர் முயற்சியால் 1923இல் நகரத் திட்டச் சட்டம் பிறந்தது. நிலவுடைமையாளர்களுக்கு அது உவப்பாக இல்லை. தம் நிலத்தில் ஒரு பகுதியைப் பொதுவுக்கு விடுவதை யார்தாம் எளிதில் ஒப்புவர்? சில ஆண்டுகளில் அச்சட்டம் தனித்தன்மை இழந்து துப்புரவு வாரியச் சட்டத்துக்குள் அடங்கிற்று. ரீட் நாட்டைவிட்டுச் சென்றார். ஆயினும் அவர் விதைத்த எண்ணம் அழியவில்லை. நகரத்தை முன்கூட்டியே வரைந்து பார்க்கலாம், அவ்வரைபடத்தில் பொது நிலத்துக்கும் ஓர் இடம் உண்டு என்னும் கருத்து அரசாங்க நடைமுறையில் ஊன்றிவிட்டது.

தோட்டத்துத் திடல் யாருடையது?

நகரங்களில் நிலைமை இவ்வாறிருக்க, மலாயாத் தமிழருள் பெரும்பாலோர் வாழ்ந்த இடம் ரப்பர்த் தோட்டம். அங்கே நகர மன்றமும் இல்லை. திட்ட அதிகாரியும் இல்லை. எனினும் பொது வசதிகள் என இன்று சொல்லப்படுவனவற்றுள் பல அங்கிருந்தன. லயங்களின் நடுவே மாரியம்மன் கோயில். அதனை அடுத்து ஒரே கட்டடத்தில் தமிழ்ப்பள்ளி. பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகை. விடியற்காலையில் பெரட்டு நடக்கும் முற்றம். மாலையில் பந்தாட்டமும் சடுகுடுவும் நடக்கும் திடல். தீமிதிக்கும் கூத்துக்கும் திரைகட்டிக் காட்டிய படத்துக்கும் அதே திடல்தான். கள்ளுக்கடையும் அவ்வரிசையில் இருந்ததை மறைப்பதற்கில்லை.

இவற்றுள் சில சட்டத்தின் கட்டாயத்தால் வந்தவை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் போதிய எண்ணிக்கையில் உள்ள தோட்டங்களில் பள்ளிக்கூடம் அமைக்குமாறு முதலாளியைப் பணிக்க இடமளித்தது. 1966இல் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டுத்தரச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் இடத்தில் 1990இல் வந்த புதிய சட்டத்தின் பெயரில் 'வீடு' என்பதோடு 'வசதிகள்' என்னும் சொல்லும் சேர்ந்துகொண்டது. கூரை மட்டும் போதாது, கூடி வாழ்வதற்குரிய இடங்களும் வேண்டும் என்பதைச் சட்டத்தின் தலைப்பே ஒப்புக்கொள்ள அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

ஆனால் ஒரு குறை அடிப்படையிலேயே இருந்தது. கோயில், பள்ளி, ஆயாக்கொட்டகை, திடல் ஆகிய அனைத்தும் நின்ற நிலம் தோட்ட நிறுவனத்துடையது. தொழிலாளிக்கு அவற்றின்மீது இருந்தது பழக்கம், பட்டா அன்று. வேலையோடு வீடு வந்தது. வீட்டோடு திடல் வந்தது. வேலை போனபோது மூன்றும் சேர்ந்து போயின.

நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டித் தோட்டத் துண்டாடல் பெருகியது. ஐரோப்பிய உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து மறுபடியும் விற்றனர். 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்தார். 1960இல் துன் சம்பந்தன் தோற்றுவித்த தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளர் தந்த சிறு சிறு பங்குத்தொகைகளைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. தோட்டத்தை வாங்கியபோது, அதன் நடுவில் இருந்த திடலும் கோயிலும் பள்ளியும் காக்கப்பட்டன. பொது நிலத்தைக் காக்க அன்று தமிழ்த் தொழிலாளி கண்ட வழி, அதனைத் தானே கூட்டாக விலைக்கு வாங்குவது. ஊராட்சிச் சட்டத்தின் துணை அவனுக்கு எட்டாத தொலைவில் இருந்தது.

தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு இதனோடு பின்னிக் கிடக்கிறது. அரசாங்கத்தின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகள் பல அவ்வாறு ஆனதற்குக் காரணம், அவை நின்ற நிலம் அரசாங்க நிலமன்று என்பதே. பள்ளித் திடலில் ஓடி ஆடும் மாணவன் அறியாத செய்தி அது. தலைமையாசிரியரோ அதனை நாள்தோறும் அறிந்திருந்தார். தோட்டம் கைமாறி வீடமைப்புப் பகுதியாகும்போது, பள்ளிக்கென நிலம் வரைபடத்தில் குறிக்கப்பட்டதா என்ற கேள்வி பள்ளியின் உயிர்க்கேள்வி ஆயிற்று.

வாக்குச்சீட்டும் ஊராட்சியும்

ஊராட்சியில் மக்கள் குரல் கேட்கத் தொடங்கியது 1950ஆம் ஆண்டுகளில். 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுனிலும், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல்கள் நடைபெற்றன. நெருக்கடிகாலத்தில் உருவான புதுக்கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் 1952ஆம் ஆண்டு உள்ளூராட்சி மன்றச் சட்டம் வழிவகுத்தது. தம் ஊர்த் தெருவுக்கும் சந்தைக்கும் திடலுக்கும் பொறுப்பானவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை அதனால் மக்களுக்குக் கிட்டியது.

1957 சனவரி முதல் நாள் ஜார்ஜ் டவுன் மாநகரத் தகுதி பெற்றது. அதன் முதல் மேயராகப் பொறுப்பேற்றவர் டி. எஸ். இராமநாதன். ஆசிரியத் தொழிலிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர் அவர். ஒரு நகரத்தின் தெருக்களைத் துப்புரவு செய்யும் சமூகமென எண்ணப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் அந்நகரத்தின் முதற்குடிமகனாக அமர்ந்தது, ஆசிரியர் சமூகம் நினைவிற்கொள்ளத்தக்க நிகழ்ச்சியாகும்.

இக்காலம் நீடிக்கவில்லை. கோலாலம்பூரில் 1961இலேயே தேர்தல் வழியாக அமைந்த மன்றம் முடிவுற்று, ஆணையர் ஆட்சி வந்தது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, 1965 மார்ச்சு மாதம் நாடெங்கும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அதே ஆண்டில் மேற்கு மலேசிய ஊராட்சிகளின் செயல்முறையை ஆராய அரச விசாரணை ஆணையம் ஒன்று அமைந்தது. செனட்டர் ஆதி நாகப்பன் அதன் தலைவர். 1968இல் ஆணையம் தன் அறிக்கையை நிறைவு செய்தது. குறைகளைக் களைந்து, தேர்தல் வழி அமையும் ஊராட்சியே தொடர வேண்டும் என்பது அதன் பரிந்துரை.

அரசாங்கம் ஊராட்சிகளைச் சீரமைக்கும் பரிந்துரைகளில் கருத்துச் செலுத்தியது; தேர்தலைப் பற்றிய பரிந்துரையை ஏற்கவில்லை. 374 என்னும் எண்ணிக்கையில் சிதறிக் கிடந்த தீபகற்ப ஊராட்சிகள், 1973இன் தற்காலிகச் சட்டத்தாலும் 1976இன் ஊராட்சிச் சட்டத்தாலும் மிகச் சில மன்றங்களாக ஒன்றிணைக்கப்பட்டன. உறுப்பினர் மாநில அரசால் நியமிக்கப்படலாயினர்.

ஒன்றிணைப்பால் நன்மையும் விளைந்தது. ஒரு தெருவிளக்குக்கே வழியற்றிருந்த சிறு மன்றங்கள், வருவாயும் பொறியாளரும் திட்ட அதிகாரியும் உடைய மன்றங்களோடு சேர்ந்தன. பூங்கா அமைக்கவும் பராமரிக்கவும் கைவந்த ஆற்றல் அதனால் கூடியது. ஆனால் அந்த ஆற்றலை எங்கே, யாருக்காகச் செலவிட வேண்டும் என்று மக்கள் வாக்கால் சொல்லும் வழி அடைபட்டது. எஞ்சிய வழி ஒன்று, அதே 1976இல் பிறந்த மற்றொரு சட்டத்தில் இருந்தது.

ஒரு திடல் பிறக்கும் விதம்

அச்சட்டம் 1976ஆம் ஆண்டு நகர, நாட்டுப்புறத் திட்டச் சட்டம். கோலாலம்பூருக்கு அதன் இடத்தில் 1982ஆம் ஆண்டுக் கூட்டரசுப் பிரதேசத் திட்டச் சட்டம் வந்தது. இவற்றின்படி ஊர் வளர்ச்சியின் பெரும்போக்கைக் கூறும் அமைப்புத் திட்டமும், ஒவ்வொரு நிலத்தின் பயனையும் காட்டும் உள்ளூர்த் திட்டமும் வரையப்பட வேண்டும். வரைவை மக்கள் பார்வைக்கு வைத்து, குறித்த காலத்துக்குள் அவர்கள் எழுதித் தரும் மறுப்புகளைக் கேட்ட பின்னரே அவற்றை உறுதி செய்ய வேண்டும். வாக்குச்சீட்டு இல்லாத ஊராட்சியில் மக்கள் கையில் எஞ்சிய தாள் இந்த மறுப்பு மனுவே.

வீடமைப்பு நிறுவனம் ஒரு தோட்டத்தை வாங்கி வீடுகள் கட்ட முனையும்போது, மொத்த நிலத்தில் 10 விழுக்காட்டைத் திறந்த வெளியாக விட வேண்டுமெனத் திட்ட நெறிகள் கூறுகின்றன. நாடளாவிய இலக்கு, ஆயிரம் பேருக்கு இரண்டு ஹெக்டேர் திறந்த வெளி. ஐம்பதாயிரம் மக்கள் வாழும் ஊருக்கு இக்கணக்கின்படி நூறு ஹெக்டேர் வேண்டும். வென்னிங் 1888இல் கேட்ட 173 ஏக்கர் ஏறத்தாழ எழுபது ஹெக்டேர்; அது முப்பத்தையாயிரம் பேருக்கே போதும். இக்கணக்கை மாணவர் தம் ஊருக்குப் போட்டுப் பார்த்தால், பாடநூலில் வரும் விழுக்காட்டுக் கணக்கு உயிர்பெறும்.

திட்டமிட்டுச் செய்தால் நன்மை விளையும் என்பதற்குப் பெட்டாலிங் ஜெயா தக்க சான்று. கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்க 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் எஃபிங்ஹாம் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் 1,200 ஏக்கர் நிலத்தில் அந்நகரம் வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவுக்கும் கடைவரிசை, பள்ளி, திடல் ஆகியன வரைபடத்திலேயே இடம்பெற்றன. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் எழுந்த நகரம், 2006இல் மாநகரத் தகுதி பெற்றது.

எனினும் வரைபடத்தில் பச்சை நிறம் தீட்டிவிட்டால் மட்டும் திடல் பிறந்துவிடாது. அஃது எண்ணம்; இன்னும் உரிமை ஆகவில்லை. வீடமைப்பு நிறுவனம் அந்நிலத்தை மாநில அரசிடம் ஒப்படைக்க வேண்டும். 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி மாநில அரசு அதனைப் பொதுப் பயனுக்கு ஒதுக்கி, எதற்காக ஒதுக்கப்பட்டது, யார் பொறுப்பு என்பவற்றைக் குறித்து அரசிதழில் வெளியிட வேண்டும். அவ்வாறு வெளியிட்ட நிலத்தை மனம்போனவாறு பிறருக்கு வழங்கிவிட முடியாது. ஒதுக்கீட்டை நீக்க வேண்டுமாயின், 64ஆம் பிரிவின்படி முன்னறிவிப்புச் செய்து விசாரணை நடத்த வேண்டும். அரசிதழ் அறிவிப்பே பொது நிலத்தின் தாழ்ப்பாள் எனலாம்.

இப்படிகளுள் ஒன்று தவறினாலும் திடலின் வாழ்வு ஐயத்துக்குரியதாகிவிடும். பத்து விழுக்காடு என்னும் கணக்கை நிறைவு செய்ய மலைச்சரிவையும் வாய்க்கால் கரையையும் மின்கம்பி செல்லும் பாதையையும் காட்டிவிடுவதுண்டு. அங்கே பிள்ளைகள் பந்தாட முடியாது. முதியோர் நடக்க முடியாது. நிலம் நன்றாக அமைந்தும் அரசிதழில் ஏறாமல் பல்லாண்டு கிடப்பதும் உண்டு. அக்கம்பக்கத்தார் அதனைத் தம் திடலென்றே எண்ணிப் புல்வெட்டிப் பராமரிப்பர். ஒருநாள் தகர வேலி எழும்போதுதான் ஏட்டில் அது வேறொருவர் பெயரில் இருப்பது தெரியவரும்.

பொது மண்டபம், நூலகம், வழிபாட்டு இடம், இடுகாடு, சுடுகாடு ஆகியவற்றுக்கும் இம்முறையே பொருந்தும். திட்டம் வகுக்கும் காலத்தில் கேட்காத சமூகம், வீடுகள் எழுந்த பின் கேட்டால் நிலம் இராது. தோட்டம் நகரமாக மாறிய இடங்களில் தமிழ்ச் சமூகம் இப்பாடத்தை மிக்க விலைகொடுத்துக் கற்றுள்ளது.

புக்கிட் கியாரா: இரண்டு வாக்குறுதிகள்

இவ்வரலாற்றின் இழைகள் யாவும் ஓரிடத்தில் வந்து முடிச்சிட்டுக்கொண்ட நிகழ்ச்சி, கோலாலம்பூரின் மேற்கு எல்லையில் உள்ள புக்கிட் கியாராவில் நடந்தது. அங்கிருந்த ரப்பர்த் தோட்டத்தை 1980இல் அரசாங்கம் பொதுப் பயனுக்காகக் கையகப்படுத்தியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அருகில் தற்காலிகமாக அமைத்த நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அக்குடும்பங்களுள் பெரும்பாலானவை தமிழ்க் குடும்பங்கள். நிலையான வீடுகள் தரப்படும் என்பது அவர்களுக்குக் கிடைத்த வாக்குறுதி. தற்காலிகம் என்ற சொல்லின் பொருள் அங்கே பல பத்தாண்டுகளாக நீண்டது.

அதன் அண்மையில் தாமான் ரிம்பா கியாரா என்னும் பொதுப் பூங்கா, ஏறத்தாழ 25 ஏக்கரில் அமைந்திருந்தது. கோலாலம்பூரின் அமைப்புத் திட்டம் அதனை நகரப் பூங்காவாகக் குறித்திருந்தது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளரும் பிறரும் நடக்கவும் ஓடவும் இளைப்பாறவும் பயன்படுத்திய இடம் அது. இது நகர மக்களுக்குக் கிடைத்த மற்றொரு வாக்குறுதி.

2017 சூலையில் அப்பூங்காவின் ஒரு பகுதியில், சுமார் 12 ஏக்கரில், உயர்ந்த அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்ப மாநகர் மன்றம் மேம்பாட்டு ஆணை வழங்கியது. விலையுயர்ந்த வீடுகள் கொண்ட எட்டுக் கட்டடங்களோடு, நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கும் பிறருக்குமான 350 வீடுகள் கொண்ட மற்றொரு கட்டடமும் அத்திட்டத்தில் அடங்கியிருந்தது. ஏழைத் தொழிலாளர் வீட்டுக்கு வழி, பூங்காவின் ஏறத்தாழ பாதியைக் கொடுத்துவிடுவதே என்னும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

இங்கே நடுநிலையோடு சிந்திக்க வேண்டியுள்ளது. நீண்ட வீட்டில் பிள்ளைகளையும் பேரப் பிள்ளைகளையும் வளர்த்த தாய்க்கு, கூரையொழுகாத வீடு முதல் தேவை. மரங்களைக் காக்க வேண்டும் என்பது அவள் காதில் வசதியுள்ளோர் பேச்சாக விழுந்திருந்தால் வியப்பில்லை. அதே வேளையில் பூங்காவுக்காக நின்றோர், அத்தொழிலாளருக்கு வீடு வேண்டாம் என்று கூறவில்லை. அவர்களுக்குரிய வீட்டை அவர்கள் வாழும் இடத்திலேயே கட்டித் தரலாம், அதற்குப் பூங்கா தேவையில்லை என்பதே அவர்கள் வாதம். இரு சாராரும் எதிரிகளாக நிறுத்தப்பட்டனரேயன்றி எதிரிகள் அல்லர்.

குடியிருப்பாளர் நீதிமன்றம் சென்றனர். 2018 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளியது. 2021 சனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, மேம்பாட்டு ஆணையைச் செல்லாததாக்கியது. 2023 ஏப்ரல் 18ஆம் நாள், நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சட்டப்படி வகுத்து வெளியிட்ட அமைப்புத் திட்டத்தை மேயர் புறக்கணிக்க முடியாது. அதிலிருந்து விலகுவதாயின் தக்க காரணம் காட்ட வேண்டும். பாதிக்கப்படும் அண்டையர் கேட்கப்பட வேண்டும் என்பன அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்ட நெறிகள்.

பூங்கா காக்கப்பட்டது. ஆனால் ஒரு தீர்ப்பு தானாகவே வீடு கட்டித் தந்துவிடாது. 1980ஆம் ஆண்டுகளில் அளித்த வாக்குறுதி தனியே நிறைவேற்றப்பட வேண்டிய கடனாகவே நின்றது. திடலைக் காக்க வரைபடமும் சட்டமும் நீதிமன்றமும் துணைநின்றன. தொழிலாளிக்குத் தந்த வாக்கோ எந்த வரைபடத்திலும் பச்சையாகத் தீட்டப்படவில்லை. எந்த அரசிதழிலும் ஏறவில்லை. வாய்மொழியாக நின்ற வாக்குறுதிக்கும் ஏட்டில் ஏறிய வாக்குறுதிக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

மற்றொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. பூங்காவுக்காக வழக்காடியோர் வாழும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலில் ஆதி நாகப்பன் பெயர் தாங்கிய சாலைகள் உள்ளன. ஊராட்சியில் மக்கள் குரல் நிலைக்க வேண்டுமெனப் பரிந்துரைத்தவரின் பெயர் தெருப்பலகையில் நிற்க, அத்தெருக்களை அடுத்து வாழ்ந்தோர் வாக்குச்சீட்டு இல்லாத நிலையில் வழக்கு மனுவால் தம் குரலை ஒலித்தனர். வழக்கு, பொருளும் காலமும் உள்ளோர்க்கே எளிதில் இயலும். நீண்ட வீட்டுத் தொழிலாளிக்கு எளிதில் எட்டுவது வாக்குச்சீட்டே.

திடலைக் காப்போர்

மலாய்மொழியில் தாமான் என்றால் பூங்கா. இந்நாட்டின் வீடமைப்புப் பகுதிகளுள் பெரும்பாலானவை அப்பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு குடியிருப்பும் பெயரளவில் ஒரு பூங்கா. பெயரில் உள்ளது நிலத்தில் உள்ளதா என்று பார்ப்பது அங்கே வாழ்வோர் கடமை.

அக்கடமைக்குரிய கல்வி பள்ளியிலேயே தொடங்கலாம். தம் ஊரின் உள்ளூர்த் திட்ட வரைபடத்தை ஊராட்சி மன்றத்தில் பார்வையிடலாம் என்பதை மாணவர் அறிய வேண்டும். தாம் விளையாடும் திடல் அரசிதழில் ஏறியதா, பள்ளி நிற்கும் நிலம் யார் பெயரில் உள்ளது, முன்பு அங்கே எந்தத் தோட்டம் இருந்தது என வினவி எழுதும் ஒரு கட்டுரை, வரலாற்றுப் பாடமாகவும் குடிமைப் பாடமாகவும் மொழிப் பாடமாகவும் அமையும். வரைவுத் திட்டம் பார்வைக்கு வரும் நாளை அறிந்து, குறித்த காலத்துக்குள் தெளிவான நடையில் மறுப்பு எழுதத் தெரிந்த ஓர் இளைஞன், தன் ஊருக்குச் செய்யும் தொண்டு சிறிதன்று.

தைப்பிங் குழிகளைப் பூங்காவாக்கியது அதிகாரியின் விருப்பம். தோட்டத்துத் திடலைத் தந்தது முதலாளியின் தேவை. இரண்டும் கொடுத்தவர் கையிலேயே இருந்தன. மக்கள் கேட்டு, சட்டம் எழுதி, இருவரும் சேர்ந்து காக்கும் திடலே எவர் மாறினும் மாறாது நிற்கும். அத்தகைய திடல் ஒன்று உள்ள ஊரில்தான் மன்றம் என்னும் சொல் தன் பழைய பொருளையும் புதிய பொருளையும் ஒருங்கே பெற்று விளங்கும்.